பாடப் போனவனும் பத்திரிகை கொண்டு போனவனும்!

நான் நல்லூருக்குப் போனது கபடி பார்க்க இல்லை ஸார். பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வைக்க. அதுவும் யாருக்கு? பெண்ணின் தாய்மாமனுக்கு! "எங்கண்ணனுக்கு உங்க கையாலயே வைங்க" என்று மனைவி உத்தரவு போட்டு, மஞ்சள் பையையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

திருப்பூரில் இறங்கி காங்கயம் ரோடு பஸ்ஸில் தொற்றிக்கொண்டால் சற்று நேரத்தில் நல்லூர். ஒரு காலத்தில் தனி நகராட்சி. 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்தால் என்ன? விசுவேஸ்வரர் கோயில் பக்கம் நின்று விசாரித்தால், "நமக்கு நல்லூருங்க" என்றுதான் பதில் வருகிறது.

தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. ஜன்னல் வழியே ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சல், தேன்கூட்டைக் கலைத்த மாதிரி. வாசலில் மூட்டை மூட்டையாய் கட்டிங் வேஸ்ட். நான் போனது சனிக்கிழமை சாயங்காலம். இங்கே அது வாரச் சம்பள நாள். புரோட்டாக் கடைக் கல்லுக்குக்கூட ஒரு தனி உற்சாகம்!

"வாங்க மாப்ளே" என்று மச்சான் வரவேற்றார். பையைத் திறக்கப் போனேன். "அது கெடக்கட்டும். மொதல்ல இவனுக்கு நாலு புத்தி சொல்லுங்க" என்று மகனைக் காட்டினார். பையனுக்கு இருபது வயசு. கட்டிங் செக்ஷனில் வேலை. தோளைப் பார்த்தால் காங்கயம் காளை.

"கம்பெனிய விட்டு நின்னுக்கறேங்கறான். கபடி ஆடி ரயில்வேல வேலை வாங்கிருவானாமா. வூட்டு லோனு யாரு கட்டறது?"

பையன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "ராத்திரி ஆட்டம் இருக்குங்க மாமா. பார்த்துப்போட்டு சொல்லுங்க."

போனேன். நாலு பக்கமும் ஃபோகஸ் லைட், மைக்கில் ஒருவர் தொண்டை கிழிய வர்ணனை. எதிரணி பல்லடம் பக்கம். நம்ம பையன் பாடப் போனால் போதும், எதிரணி ஒதுங்குகிறது! காலைப் பிடித்தவரை இழுத்துக்கொண்டே கோட்டுக்கு வந்துவிடுகிறான். பக்கத்துப் பெரியவர் ஒருவர் வெற்றிலையை மறந்து வாயைப் பிளந்தார். நானும் மனசுக்குள் ரயில்வே யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

நம்ம அணித் தலைவர் ஒல்லி. முப்பத்தைந்து வயசிருக்கும். பையன் வேலை செய்யும் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரே அவர்தான். பாடப் போனால் பாதி நேரம் சும்மாவே திரும்பி வருகிறார். "இவரை எதுக்கு வெச்சிருக்காங்க?" என்று நினைத்தேன். என் விளையாட்டு ஞானம் அவ்வளவுதான்!

கடைசிப் பாட்டு. நம்ம அணி ஒரு பாயிண்ட் முன்னிலை. எதிரே மூன்றே பேர். பையன் செய்ய வேண்டியது இதுதான்: பாக் லைனைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டு, முப்பது செகண்டுக்குள் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். பாயிண்டே வேண்டாம், ஜெயித்தாச்சு. "சும்மா வா! சும்மா வா!" என்று மாஸ்டர் கத்துகிறார்.

பையன் காதில் விழுந்தது கூட்டத்தின் விசில் மட்டும். மூன்று பேர்தானே என்று உள்ளே பாய்ந்தான். அமுக்கிவிட்டார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு பாயிண்ட். டி.வி.யில் வரும் புரோ கபடி விதியைத்தான் இங்கேயும் வைத்திருந்தார்கள். ஒரு பாயிண்டில் தோல்வி!

ராத்திரி டீக்கடையில் பையன் வாயே திறக்கவில்லை. எனக்கு அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன் சொன்னது ஞாபகம் வந்தது. அங்கே ஒரு ஃபுட்பால் உண்டு. பேர்தான் ஃபுட்பால், பந்து பெரும்பாலும் கையில்தான்! அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர். மலை மாதிரி ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள், இரண்டு மூன்று செகண்டில், யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். 2007-ல் ஜமார்க்கஸ் ரஸ்ஸல் என்பவரை, என்ன கை, என்ன பலம் என்று நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தார்கள். எடுத்த அணியின் பேரும் 'ரைடர்ஸ்'! மூன்றே சீசன், ஆட்டம் முடிந்தது. டாம் பிராடியை 2000-ல் எடுத்தபோது அவருக்கு முன்னால் 198 பேர். அவர் ஏழு தடவை சூப்பர் பவுல் ஜெயித்தார்.

இதை நான் அளந்து முடித்ததும் மாஸ்டர் சிரித்தார்.

"அவ்வளவு தூரம் எதுக்குங்க? நம்ம திருக்காட்டுப்பள்ளி சேரலாதன் இல்லீங்களா? 2016-ல பாட்னா டீமுக்கு கேப்டனா கப்பு வாங்கிக் குடுத்தாரு. அதே வருசம் உலகக் கோப்பை ஜெயிச்ச இந்தியா டீம்லயும் இருந்தாரு. வயசு நாப்பத்தொண்ணு!"

"அப்ப பலம் முக்கியமில்லைங்கறீங்களா?"

"அப்படிச் சொன்னா பாவமுங்க. பர்தீப் நர்வால் 2017-ல ஒரே பாட்டுல எட்டு பாயிண்ட் எடுத்தாரு. அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது. இவன் பாயற மாதிரி நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் பாய முடியாது."

அப்புறம் பையன் பக்கம் திரும்பினார். "ஏன் கண்ணு, டேபிள்ல துணி விரிச்சதும் நான் உடனே கத்தி போடறனா? ஷேடு பார்க்கறேன், அளவு பார்க்கறேன், சுருங்குமான்னு பார்க்கறேன். மெஷின் கத்திக்கு எத்தனை அடுக்கும் ஒண்ணுதான், வெண்ணெய் மாதிரி வெட்டிரும். தப்பா வெட்டினா அத்தனையும் வேஸ்ட் மூட்டைக்குத்தான். இன்னிக்கு நீ பார்க்காம கத்தி போட்டுட்டே."

பையன் டீயைக் கீழே வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தால் வீட்டில் பையனைக் காணோம். மச்சானும் நானும் தேடிப் போனோம். காலி மைதானத்தில் தனியாக, 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு போகிறான். பாக் லைனைத் தாண்டுகிறான். திரும்பி வருகிறான். மறுபடி போகிறான். சும்மா வருகிறான்!

எங்களைப் பார்த்ததும் வந்தான். "அப்பா, வேலைய விடலீங்க. ஆனா ஒன்றரை ஷிப்ட் வேண்டாம். ஒரு ஷிப்ட் மட்டும் போறேன். சாயங்காலம் ப்ராக்டிஸ். ஒரு வருசம் பார்க்கறேன். ஆகலைன்னா நானே மறுபடி ஒன்றரை ஷிப்ட்டுக்குப் போயிருவேன்."

மச்சான் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அரை ஷிப்ட் கூலி, வாரத்துக்கு ஆறு நாள், வருசத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம்... முகம் சுருங்கியது. அப்புறம் மகனின் முகத்தைப் பார்த்தார்.

"செரி, ஒரு வருசம். லோனு தவணைய நான் பார்த்துக்கறேன். நாளைக்கு மாஸ்டர்கிட்ட சொல்லிப்போடு."

எனக்குப் பெருமையான பெருமை. நாமும் நாலு புத்தி சொல்லி ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டிவிட்டோம்! பஸ்ஸில் ஜன்னலோர சீட் வேறு கிடைத்தது. டிக்கெட்டுக்குச் சில்லறை தேடி மஞ்சள் பைக்குள் கையை விட்டேன்.

பத்திரிகை அப்படியே இருந்தது.

நானும் சும்மாதான் திரும்பி வந்திருக்கிறேன் ஸார். ஆனால் என் வீட்டில் அதற்கு பாயிண்ட் கிடையாது!