ஃபிளாட்டுக்கு எத்தனை லட்சத்துக்கு இன்சூரன்ஸ் போடணும்?

1/
குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கணும்னு எதைப் பார்த்து முடிவு பண்றோம்? அப்பாவோட சம்பளத்தைப் பார்த்தா? இல்லை, குழந்தையின் எடையைப் பார்த்து. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்.

ஃபிளாட் இன்சூரன்ஸும் அப்படித்தான். வாங்கிய விலையைப் பார்த்துப் போடக்கூடாது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். "ஹோம் லோன் வாங்கும்போதே பேங்க்ல இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க டாக்டர்" என்பார்கள். பாலிசியை எடுத்துப் படிச்சுப் பார்த்தா, பல சமயம் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கும்.

அது உங்களுக்கானது. உங்க வீட்டுச் சுவருக்கானது இல்லை.

3/
சரி, 80 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டுக்கு 80 லட்சத்துக்குப் போடணுமா?

தேவையில்லை. அந்த 80 லட்சத்துக்குள் யூடிஎஸ் என்கிற உங்க நிலப் பங்கு இருக்கு. ஏரியாவின் மவுசு இருக்கு. பில்டரின் லாபம் இருக்கு. தீப்பிடித்தால் நிலம் எரியாது. வெள்ளம் வடிந்த பிறகும் நிலம் அங்கேயேதான் இருக்கும்.

திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. அதற்கு மேல் போட்டால் பிரீமியம்தான் வீண். நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் வராது.

4/
2021 ஏப்ரல் 1 முதல் ஐஆர்டிஏஐ உத்தரவின்படி 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி வந்திருக்கு. அதில் கணக்கு ரொம்ப எளிது: கார்ப்பெட் ஏரியா × இன்றைய கட்டுமானச் செலவு.

உதாரணமா 750 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய்னு வைப்போம். 18,75,000 ரூபாய். 80 லட்சம் எங்கே, இது எங்கே!

2,500 என்பது கணக்குக்காக நான் போட்டது. உங்க ஊர் ரேட்டை ஒரு சிவில் இன்ஜினியரிடம் கேளுங்க. சுவரோடு பொருத்திய வேலைகளையும் அவரிடம் சொல்லுங்க.

5/
"அப்போ 10 லட்சத்துக்குப் போட்டுக்கறேன், பிரீமியம் மிச்சம்" என்றால்? அது அரை டோஸ்.

பழைய வகை பாலிசிகளில், 20 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் கிடைக்கும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதாச்சார வெட்டு கிடையாது. ஆனாலும் வீடு முழுசா போனால் 10 லட்சத்துக்கு மேல் வராது.

6/
டாக்டருக்கு இதில் என்ன அக்கறைன்னு கேட்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்த மாதங்களில், கட்டுப்பாட்டில் இருந்த சுகரும் பிரஷரும் எகிறிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கேன். "வீட்டு வேலை இழுத்துக்கிட்டே போகுது டாக்டர், மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போட்டுக்கறேன்" என்றார்கள். வீட்டுச் செலவு எங்கே போய் இடிக்கும்னு அப்போதான் புரிஞ்சுது.

7/
வீட்டுச் சாமான்களுக்கு? கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை இதே பாலிசியில் தானாகவே சேரும். நம்ம உதாரணத்தில் 3,75,000. உங்க ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோபாவைக் கூட்டிப் பாருங்க. பத்தலைன்னா தனியா கூட்டிக்கலாம்.

நகை இதில் வராது, தனியா கேட்டுச் சேர்க்கணும். சாதாரண நாளில் நடக்கும் திருட்டும் வராது. பல வருஷமா ஊறி வரும் ஓதம், தேய்மானம் எல்லாம் வராது. அது பராமரிப்பு.

8/
இப்போ முக்கியமான விஷயம்.

நீங்க மூணாவது மாடி. நீங்க மட்டும் சரியா இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்க. கட்டடமே போயிடுச்சு. கீழ் ரெண்டு மாடிக்காரர்களிடம் பணமில்லை. உங்க வீட்டை அந்தரத்திலா கட்டுவீங்க?

அஸ்திவாரம், தூண், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி எதுவும் உங்க கார்ப்பெட் ஏரியாவுக்குள் இல்லை. ஊரில் ஒருத்தர் மட்டும் தடுப்பூசி போட்டுக்கிட்டா தட்டம்மை பரவுவது நிற்காது. அது மாதிரிதான் இதுவும். அசோசியேஷன் பேரில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே பாலிசி எடுப்பதுதான் சரியான வைத்தியம். அதில் விகிதாச்சார வெட்டு இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

9/
அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் பெயின்ட், பார்க்கிங் சண்டைக்கு முன்னாடி இதைப் பேசுங்க. மூணு கேள்வி போதும்:

நம்ம கட்டடத்துக்கு பாலிசி இருக்கா?
எத்தனை லட்சத்துக்கு?
அந்த எண் எந்த வருஷத்து ரேட்டில் போட்டது?

மூணாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, குழந்தை வளர்ந்தும் பழைய டோஸையே கொடுத்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பகிருங்க.