கிளீனர் இல்லாத லாரி

நாமக்கல்லில் நிற்கும் பெரும்பாலான லாரிகளின் இடப்பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். இருக்கையில் ஆள் இருக்க மாட்டார். தண்ணீர் கேன், மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசிப் பை, சுருட்டிய கயிறு, அழுக்குத் தலையணை, இவைதான் கிடக்கும். அது கிளீனரின் இடம். பதினாறு பதினேழு வயதில், வீட்டில் கோபித்துக்கொண்டோ பத்தாம் வகுப்பில் தவறியோ வந்த பையன்கள் அங்கே ஏறினார்கள். நாலைந்து வருஷம் டயர் தட்டினார்கள், கண்ணாடி துடைத்தார்கள், சோறாக்கினார்கள், திட்டு வாங்கினார்கள். பிறகு ஒருநாள் வலப்பக்கம் மாறி உட்கார்ந்தார்கள். இந்த வட்டாரத்தில் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர் யாரைக் கேட்டாலும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த இருக்கை காலியான பிறகு புதிதாக வருகிறவர் எங்கே தொழில் பழகுகிறார் என்று பார்க்கத்தான் போனேன்.

போக இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள். சங்ககிரியில் சிமென்ட் லோடு. ஆஞ்சநேயர் கோயில் முன்னால் புது வண்டிக்கு மாலை போட்டுப் பூசை நடக்கும்போது ஊரே தெரிந்தவர்போல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

பட்டறை ஒன்றில் தன் வண்டிக்குப் பலகை மாற்றிக்கொண்டிருந்த உரிமையாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். வண்டி வேலை முடிந்துவிடும், ஓட்டத்தான் ஆள் இல்லை என்றார். "வண்டி வாங்கறது லேசுங்க. ஃபைனான்ஸ்காரங்க வீட்டுக்கே வந்து குடுக்கறாங்க. ஓட்டறதுக்கு ஆளத் தேடித்தான் அலையறோம். பீகார்க்காரப் பையன் ஒருத்தன் வரேன்னு சொல்லியிருக்கறான்."

கிளீனர் ஏன் இல்லை என்று கேட்டேன். டீசல், சுங்கம், டயர், தவணை எல்லாம் போக மிஞ்சுவதில் இரண்டாவது ஆளுக்குப் படி கொடுத்தால் வண்டி ஓட்டுவதே வீண் என்று கணக்குச் சொன்னார். கணக்கில் பொய் இல்லை. சட்டமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பு இருந்தது. சாலையில் அதை எத்தனை பேர் கடைப்பிடித்தார்கள் என்பது வேறு விஷயம். 2018-இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் வண்டியில் ஒற்றை ஆள் என்பது அதன்பிறகு முறைப்படியே சரியாகிவிட்டது.

அந்த ஒற்றை ஆளிடம் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் வாங்கி ஓர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019-இல் போய்விட்டது. இவற்றோடு ஓட்டுநர் பள்ளி தரும் பயிற்சிச் சான்று தேவை. 30 நாள் வகுப்பில் குறைந்தது 15 மணி நேரம் வண்டியைக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது விதி.

அந்த 15 மணி நேரம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு பயிற்சி மைதானத்துக்குப் போனேன். பழைய ஆறு சக்கர லாரி ஒன்று. பின்னால் ஒரு மூட்டைகூட இல்லை. காலி வண்டி என்பதால் கிளட்சை விட்டதும் துள்ளிக் கிளம்புகிறது, பிரேக்கைத் தொட்டதும் நிற்கிறது. ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பின்பக்கமாக எடுத்துக் கொடிக்கம்புகளுக்கு நடுவே அழகாக நிறுத்தினார். இரண்டு வருஷமாகக் குட்டியானை என்னும் சின்ன லோடு வண்டியில் காய்கறி ஓட்டுகிறாராம். இன்றைய ஏணி இதுதான்: குட்டியானை, பிறகு ஈச்சர், பிறகு ஆறு சக்கரம், பத்து சக்கரம். 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்த பிறகு அந்த ஏணியின் முதல் படிகளில் ஏறுவது இன்னும் எளிதாகிவிட்டது.

பயிற்சியாளர் வெளிப்படையான மனிதர். "இங்க நான் வண்டி ஓட்டத்தானுங்க சொல்லித் தரேன். லாரித் தொழில் வேற. அது ரோட்டுலதான் இருக்குது" என்றார்.

ரோட்டுக்குப் போவதற்கு ஓசூரில் ஒரு பத்து சக்கர வண்டியில் ஏறிக்கொண்டேன். கர்நாடகத்தின் தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித் தீவன ஆலைக்கு மக்காச்சோளம் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு அறுபது நெருங்குகிறது. இடப்பக்கத்தில், அதிசயமாக, ஓர் ஆள் இருந்தார். ஓட்டுநரின் தங்கை மகன், ஹெவி லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்களே ஆனவர். உரிமையாளர் இவருக்குச் சம்பளம் தருவதில்லை. மாமாதான் தன் படியில் பாதியைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு அலைகிறார். சொந்தக்காரனாக இருந்தால்தான் இன்றைக்குத் தொழில் பழக முடியும் என்பதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீசல் பங்க் ஓரம் வண்டியைப் போட்டுத் தூங்கினோம். நாலு மணிக்கு விழிப்பு வந்தபோது இளைஞர் இரும்பு லிவரால் டயர்களைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால் உள்டயரில் காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. வெளிடயரோடு உரசிச் சூடேறி, ஓடுகிற ஓட்டத்தில் வெடிக்கும். காற்று நிறைந்த டயர் 'கிண்'ணென்று எகிறும், குறைந்தது 'தொப்'பென்று அமுங்கும். எல்லாவற்றையும் தட்டிவிட்டு வந்து "சரியா இருக்குதுங் மாமா" என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் இறங்கிப் போய் இடப்பக்கக் கடைசி உள்டயரை மட்டும் ஒரு தட்டுத் தட்டினார். "இது என்ன சத்தம் மாப்ள?" மறுபடி தட்டினார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. இளைஞருக்கு மூன்றாவது தட்டில் பிடிபட்டது. வண்டி பங்க்கின் காற்றுக் குழாயை நோக்கி நகர்ந்தது.

அடுத்தது ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீர் வடிப்பது. காற்றோடு சேரும் ஈரம் டேங்கில் தங்கினால் பிரேக்குக்குப் போகும் காற்றின் அளவு குறையும், உள்ளே துருவும் பிடிக்கும். பிறகு தார்ப்பாயின் கயிறு. இரவு ஓட்டத்தில் மூட்டைகள் அமுங்கியிருக்கும், கயிறு தளர்ந்திருக்கும். தார்ப்பாய் காற்றில் அடித்துக் கிழிந்து மழை இறங்கினால் சோளம் பூஞ்சை பிடிக்கும்; ஆலைக்காரர் எடை போடும்போது கழிப்பார்; கழிவு ஓட்டுநர் தலையில் விழும். இவற்றில் ஒன்றுகூட அந்த மைதானத்தில் இல்லை. காலி வண்டிக்குக் கயிறு எதற்கு?

தருமபுரி தாண்டிப் பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்தபோது விடிந்துகொண்டிருந்தது. முன்னால் தொப்பூர் கணவாய். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலம் நோக்கிப் போகும் வண்டிகளுக்கு அது நீண்ட இறக்கம். பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போன வண்டிகளில் மோதியது என்ற செய்தியை அந்தப் பெயரோடு சேர்த்துப் படிக்காத தமிழ்நாட்டுக்காரர் குறைவு.

பெரியவர் இறக்கம் தொடங்கும் முன்பே ஓரங்கட்டி, கை பிரேக்கைப் போட்டு இறங்கினார். "மாப்ள, நீ வா." இடம் மாறினார்கள். நான் நடுவில் ஒடுங்கிக்கொண்டேன்.

"ஏறும்போது எந்தக் கியர்ல ஏறுவயோ, எறங்கும்போதும் அதுலதான் எறங்கோணும். எக்ஸாஸ்ட் பிரேக்கப் போட்டுக்க. கால பிரேக்குலயே வெச்சிருக்காத. பிடி, விடு. முள்ளப் பாரு."

முள் என்றது காற்று அழுத்தம் காட்டும் கருவியை. பத்து சக்கர லாரியின் மொத்த எடை முன்பு 25 டன்வரை இருக்கலாம். 2018-இல் அதை 28.5 டன்னாக உயர்த்தினார்கள். அவ்வளவு எடை கீழ்நோக்கித் தள்ளும்போது பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டிருந்தால் டிரம் பழுக்கக் காயும், லைனிங் பிடிமானம் இழக்கும். பதறி மிதிக்க மிதிக்கக் காற்றும் தீரும். வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்குக் கியரில் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் கியரில் இருந்தால்தான் வேலை செய்யும்.

அப்படியிருந்தும் சில ஓட்டுநர்கள் தொப்பூரில் ஏன் நியூட்ரலில் விடுகிறார்கள்? டீசல் மிச்சம் என்ற பழைய நம்பிக்கை. டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று உரிமையாளர் அளந்து கொடுப்பார். மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது வரும் எஞ்சின்கள் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் டீசலைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் விட்டால்தான் அணையாமல் ஓடுவதற்கு டீசல் குடிக்கின்றன. மிச்சமே இல்லாத மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். சொல்லும் ஆள்தான் வண்டியில் இல்லை.

இளைஞர் மூன்றாவது கியரில் இறக்கினார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. ஒரு வளைவில் அவர் கால் பிரேக்கில் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது. "கால எடு" என்றார் பெரியவர், குரல் உயராமல். ஓமலூர் வரும்வரை வேறு பேச்சே இல்லை.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிக வரிச் சோதனைச் சாவடிகள் போனது பெரிய நிம்மதி என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு இருக்கிறது. லோடு ஏற்றும் இடத்தில் காத்திருந்து வீணான நேரத்தை ஓட்டுநர் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறார். நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. இதைப் பெரியவரிடம் சொன்னேன், சிரித்தார். விபத்து நடந்த இடத்திலிருந்து தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டுவரை சிறை என்ற புதிய தண்டனைப் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வடமாநிலங்களில் லாரிகள் நின்றன. அந்த உட்பிரிவை அரசு நிறுத்திவைத்தது. ஓட்டுநர்கள் ஓடுவதற்குக் காரணம் கூடும் கூட்டத்தின் அடி. அதனால் மருமகனுக்கு மாமாவின் பாடம் இது: "நிக்க முடியலீன்னா நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிரு, வீட்டுக்குப் போகாத."

2025-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம். நல்ல மாற்றம்தான். அந்த வெக்கையில் சில மணி நேரம் உட்கார்ந்தவன் என்ற முறையில் தாமதமாக வந்தது என்பேன். ஆனால் ஆள் வராததற்கு வெக்கை மட்டும் காரணமில்லை. சேலத்தில் டீ குடிக்கும்போது இளைஞர் சொன்னார்: "லாரி டிரைவர்னா பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க சார். கேஸ் டேங்கருக்குப் போயிட்டா கொஞ்சம் மதிப்பு." எரிவாயு டேங்கருக்கு ஆபத்தான சரக்குக்கான தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும்; அந்த உரிமத்தை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உள்ளே அலையும் திரவம் பிரேக் போடும்போது வண்டியை முன்னே தள்ளும். சோள லாரியில் பழகாத கால் அங்கே போகக் கூடாது. பெரியவரும் அதைத்தான் சொன்னார்: "ரெண்டு வருசம் இதுல ஓட்டு. அப்பறம் பாக்கலாம்."

ஓட்டுநர் பற்றாக்குறை என்று சங்கங்கள் சொல்கின்றன, அரசும் சொல்கிறது. உரிமம் வைத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. லோடு வண்டியை மலையிறக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள். தெரிந்தவர்கள் அறுபதை நெருங்குகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போவதற்குள் அந்த இடப்பக்க இருக்கைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் ஏற்றுங்கள் என்று லாரி உரிமையாளர்களைக் கேட்கிறேன். ஒரு வருஷப் படி, ஒரு விபத்தில் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை. பயிற்சிப் பள்ளிக்கான விதியிலும் அந்த 15 மணி நேரத்தில் சில மணி நேரமாவது மூட்டை ஏற்றிய வண்டியில் என்று அரசு சேர்க்கலாம்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று: உரிமம் கிடைத்ததும் முதல் லோடுக்கு அழைப்பார்கள், சம்பளமும் நன்றாகத்தான் சொல்வார்கள். வண்டியின் தகுதிச் சான்றையும் (எஃப்.சி.) இன்சூரன்ஸையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூட வருவது யார் என்று கேளுங்கள். யாரும் இல்லை, நீயே போய்விட்டு வா என்றால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.