யாருடைய ஆள்?

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஈய எழுத்துக்களே ஆட்சி செலுத்தின. படம் அச்சேற வேண்டுமாயின் அதற்கு 'புளொக்' வேண்டும். இடவலம் மாறிக் கிடக்கும் அந்த எழுத்துக்களை வாசிக்க எனக்குக் கற்றுத்தந்தவர் வயதான அச்சுக்கோப்பாளர் ஒருவர். அதனாலோ என்னவோ, மரத்தில் செதுக்கி அச்சிடும் கலைஞர்கள் மீது எனக்குத் தனி ஈடுபாடு. அவர்களுள் நெஞ்சைவிட்டு அகலாதவர் லிலியன் மில்லர்.

அமெரிக்க இராஜதந்திரி ஒருவரின் மகளாக 1895இல் டோக்கியோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே கானோ தொமோனொபு என்ற ஓவியரிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். 1917இல் அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் பட்டம் பெற்றபின்னும் கிழக்கு நோக்கியே திரும்பினார்.

யப்பானிய மரபில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர், அச்சிடுபவர் வேறொருவர். மில்லரும் தொடக்கத்தில் அவ்வழியே சென்றார். 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் அவருடைய பலகைகளும் படங்களும் அழிந்தன. அதன்பின் மூவரின் வேலையையும் தாமே செய்யத் துணிந்தார். நிறத்துக்கு ஒரு பலகையாகச் செதுக்கி, ஈரத்தாளை அதன்மீது பரப்பி, கையால் தேய்த்து எடுக்கும் பொறுமையான தொழில் அது. கொரிய மலைகளும் யப்பானிய நிலக்காட்சிகளும் அவ்வாறு பிறந்தன.

1936 பெப்ரவரியில் டோக்கியோவில் இராணுவக் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டே மில்லர் ஹவாய்க்குப் பெயர்ந்தார். எரிமலைத் தெய்வமான பேலே, எரித்த இடத்திலேயே புதுநிலமும் ஆக்குபவள் என்பது ஹவாய் மக்களின் நம்பிக்கை. தம் பலகைகளையும் படங்களையும் இழந்து மீண்டும் உளியெடுத்த இப்பெண்ணுக்கு அது பொருத்தமான புகலிடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 1941 டிசம்பரில், அதே ஹவாயின் பேர்ள் துறைமுகத்தின் மீது யப்பானியக் குண்டுகள் வீழ்ந்தன. அப்போது அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்த மில்லர், பிள்ளைப் பருவத்தில் பழகிய யப்பானிய மொழியை அமெரிக்கக் கடற்படையின் போர்ப்பணிக்கு அளித்தார். 1943இல் மறைந்தார்.

அவர் செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரமாட்டேன். எங்கள் போர்க்காலத்தில், கையில் குறிப்பேட்டோடு நின்ற என்னையும் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினர் "நீ யாருடைய ஆள்?" என்று கேட்டதுண்டு. ஒவ்வொரு முறையும் நா வறண்டு நின்றிருக்கிறேன். மில்லரின் படங்களைப் பார்க்கும்போது அக்கேள்வி எழுவதில்லை. மலையும் மழையும் மட்டுமே இருக்கின்றன.