கடவுச்சொல் சரிதான், கதவுதான் மாறிவிட்டது

ஜிமெயில் வருவதற்கு முன்னால் மின்னஞ்சல் முகவரி எங்கிருந்து கிடைத்தது என்று இன்று கல்லூரியில் படிக்கும் யாரைக் கேட்டாலும் யாஹூ, ஹாட்மெயில் என்பார்கள். அதற்கும் முன்னால் இன்னொரு வழி இருந்தது. வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கினால், மோடத்தோடு ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அந்த நிறுவனமே கொடுத்துவிடும். ஜவுளிக்கடையில் துணி எடுத்தால் மஞ்சப்பை கொடுப்பது போல. பை இலவசம்தான். ஆனால் அதில் கடையின் பெயர்தான் பெரிதாக அச்சடித்திருக்கும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. திறந்துவிட்டது விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனம், சுருக்கமாக விஎஸ்என்எல். சென்னையில் அந்த இணைப்பை வாங்கியவர்களுக்கு @ குறிக்குப் பின்னால் ‘ஜியாஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்’ என்று ஒரு நீண்ட வால் கிடைத்தது. அதில் எம்டி என்பது மெட்ராஸ். (ஊர் பெயர் சென்னை ஆன பிறகும் முகவரி மெட்ராஸிலேயேதான் இருந்தது!) 2002ல் அந்த நிறுவனம் டாடாவின் கைக்குப் போனது. 2008ல் பெயரும் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று மாறியது. இங்கே பெரும்பாலானோர் அதற்குள் இலவச மின்னஞ்சலுக்குத் தாவிவிட்டதால் பெரிய சேதம் இல்லை.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே வீட்டு இணைப்பு நம்மூரை விட முன்பே பரவிவிட்டது. அதனால் அப்போது வாங்கிய முகவரியை இருபது, இருபத்தைந்து வருடங்களாக விடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். வங்கி, மருத்துவமனை, வருமான வரி, பேரன் படம் எல்லாம் அதே முகவரிக்குத்தான். இவர்கள் ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் ‘தவறு’ என்று வருகிறது. மறுபடி தட்டுகிறார்கள். கேப்ஸ் லாக்கைப் பார்க்கிறார்கள். சாவகாசமாக ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறார்கள். மறுபடியும் ‘தவறு’. உண்மையில் பல நேரம் கடவுச்சொல்லில் தவறே இருக்காது. அதைத் தட்டுகிற இடம்தான் தவறு.

இது புரிய வேண்டும் என்றால் ஒரு சிறிய வம்சாவளியைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் பசிபிக் பெல் என்ற தொலைபேசி நிறுவனம் இருந்தது. அதனிடம் இணைப்பு வாங்கியவர்களுக்கு ‘பேக்பெல்.நெட்’ முகவரி. சிகாகோ பக்கம் ‘அமெரிடெக்.நெட்’. தெற்கு மாநிலங்களில் ‘பெல்சவுத்.நெட்’. டெக்சாஸில் இருந்த எஸ்பிசி நிறுவனம் 1997ல் பசிபிக் பெல்லின் தாய் நிறுவனத்தை வாங்கியது. 1999ல் அமெரிடெக்கை வாங்கியது. 2005ல் ஏடி அண்ட் டி நிறுவனத்தையே வாங்கி, வாங்கிய கையோடு அதன் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. (மாப்பிள்ளை, பெண் வீட்டு இனிஷியலைப் போட்டுக்கொண்ட மாதிரி.) 2006 கடைசியில் பெல்சவுத்தும் உள்ளே வந்தது. இதற்கு நடுவே 2001ல் எஸ்பிசியும் யாஹூவும் கூட்டுச் சேர்ந்தன. அதன் பிறகு அஞ்சல் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலை யாஹூவிடம் போனது.

ஆக, ஒரு பேக்பெல் முகவரிக்காரரின் நிலைமையைப் பாருங்கள். முகவரியில் இருக்கும் பெயர் கடையை மூடிவிட்ட ஒரு நிறுவனத்துடையது. கடவுச்சொல்லை வைத்திருப்பது இன்னொரு நிறுவனம். கடிதங்களை வைத்திருப்பது மூன்றாவது நிறுவனம். இவர் கடிதம் யாஹூ மாதிரியான பக்கத்தில் வருகிறதே என்று நேராக யாஹூவுக்குப் போய் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதைச் சொடுக்கினால் காரியம் நடக்காது. இந்த முகவரிகளின் கடவுச்சொல்லை ஏடி அண்ட் டியின் பக்கத்தில்தான் மாற்ற முடியும்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் சேவை நிறுவனத்தின் பக்கத்துக்கே போக வேண்டியதுதானே? அங்கேதான் வேடிக்கை. வெரைஸன் நிறுவனம் 2015ல் ஏஓஎல்லை வாங்கியது. 2017ல் மின்னஞ்சல் தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்து, ‘வெரைஸன்.நெட்’ முகவரியை விட மனமில்லாதவர்களை ஏஓஎல் பக்கம் அனுப்பியது. 2021ல் ஏஓஎல், யாஹூ இரண்டையும் சேர்த்து வேறொருவருக்கு விற்றுவிட்டது. ஆகவே வெரைஸன் முகவரிக்காரர் வெரைஸனின் பக்கத்தில் எத்தனை முறை தட்டினாலும் பெட்டி திறக்காது. அவர் போக வேண்டியது ஏஓஎல். காக்ஸ் என்ற கேபிள் நிறுவனம் 2019ல் புதிய முகவரி கொடுப்பதை நிறுத்தியது. 2024ல் பழையவற்றை யாஹூவிடம் ஒப்படைத்தது. அந்த முகவரிக்காரருக்கு வாசல் யாஹூவேதான். மூன்று நிறுவனம், மூன்று வாசல். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், கடைசியில் ‘அதிக முறை முயன்றுவிட்டீர்கள்’ என்று கணக்கையே சில மணி நேரம் பூட்டிவிடுவார்கள்.

வாசல் சரியாகிவிட்டது, உலாவியில் பெட்டி திறக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்த தொல்லை அவுட்லுக், தண்டர்பேர்டு, கைப்பேசியின் மெயில் போன்ற மென்பொருள்களில் வரும். உலாவியில் வேலை செய்கிற அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் இவை ‘தவறு’ என்கின்றன. இது பலரைப் பைத்தியம் பிடிக்க வைக்கும் இடம். காரணம் எளிமையானது. பழைய மென்பொருள்களுக்குக் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கத் தெரியாது. அதனால் நிறுவனங்கள் அவற்றுக்கென்று தனியாக ஒரு நீளமான கடவுச்சொல்லை உருவாக்கித் தருகின்றன. யாஹூவும் ஏஓஎல்லும் அதைச் ‘செயலிக்கான கடவுச்சொல்’ என்கின்றன. ஏடி அண்ட் டி அதைப் ‘பாதுகாப்பு அஞ்சல் சாவி’ என்கிறது, பதினாறு எழுத்து. கணக்கின் பக்கத்துக்குள் போய் அதை உருவாக்கி, மென்பொருளில் வழக்கமான கடவுச்சொல் இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் புதுக் கணினியே வாங்கியவர்கள் இருந்தால்கூட ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கடிதம் வரும், ஆனால் போகாது. ‘வருகிறதே, அப்புறம் ஏன் போகவில்லை?’ என்று கேட்பார்கள். வருவதும் போவதும் ஒரே வழி இல்லை. கடிதங்களை எடுத்து வருவது பாப் அல்லது ஐமேப் என்ற முறை. அனுப்புவது எஸ்எம்டிபி என்ற வேறு முறை. இரண்டுக்கும் தனித்தனி சர்வர், தனித்தனி போர்ட் எண். பாதுகாப்பான இணைப்பில் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995. அனுப்ப 465 அல்லது 587.

முதலில் எஸ்எம்டிபியில் கடவுச்சொல் கேட்கும் வழக்கமே கிடையாது. தன் கம்பி வழியாக வருகிறவர் தன் வாடிக்கையாளர்தான் என்று சேவை நிறுவனம் நம்பி அனுப்பிவிடும். தெருக்கோடி கடையில் முகம் பார்த்துக் கடன் கொடுப்பார்களே, அது போல. ஸ்பேம் தொல்லை வந்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. 1999ல் எஸ்எம்டிபிக்கும் கடவுச்சொல் கேட்கும் முறை வந்தது. 25 என்ற பழைய போர்ட்டைப் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அடைத்தே விட்டன. எப்போதோ யாரோ அமைத்துக் கொடுத்த மென்பொருளில் இன்னமும் 25 என்று இருந்தால் கடிதம் வெளியே போகாது. ‘அனுப்பும் சர்வருக்கும் அடையாளச் சரிபார்ப்பு தேவை’ என்ற பெட்டியில் டிக் அடிக்காமல் விட்டிருந்தாலும் போகாது.

கணினியே பழசாக இருந்தால் எதை மாற்றியும் பயனில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நல்ல மென்பொருள்தான், கட்டைவண்டி மாதிரி எளிமையாக இருக்கும். ஆனால் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு முறை டிஎல்எஸ் 1.0 வரைதான். 1.0, 1.1 இரண்டையும் கைவிட வேண்டும் என்று 2021 மார்ச்சில் இணையத் தரம் வகுப்பவர்களே முறைப்படி அறிவித்துவிட்டார்கள். அதை ஏற்க மறுக்கும் சர்வரிடம் போனால் கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டத்துக்கே பேச்சு வராது. ஆனால் திரையில் என்னவோ கடவுச்சொல் பெட்டிதான் மறுபடி மறுபடி எட்டிப் பார்க்கும். பிழைச்செய்தி எழுதுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உண்மை பேசலாம்.

இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் செய்கிற முதல் காரியம், வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடுவது. மிக ஆபத்தான காரியமும் அதுதான். நிறுவனத்தின் பெயரைப் போட்டு, போலி எண்ணைக் கொடுத்து, விளம்பரமாக மேலே வந்து நிற்கும் மோசடிக் கும்பல்கள் உண்டு. கூப்பிட்டால் மிக மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லிக் கணினியைத் தங்கள் கைக்குள் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பணம் கேட்பார்கள். இல்லையென்றால் வங்கிக் கணக்கையே திறக்கச் சொல்வார்கள். எண் வேண்டும் என்றால் மாதாந்திர பில்லில் அச்சடித்திருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘உங்கள் பெட்டி நாளையோடு மூடப்படும், இங்கே சொடுக்கவும்’ என்று வரும் கடிதமும் இதே ரகம்தான். நிறுவனங்கள் உண்மையிலேயே கைமாறுவதால் இந்தப் பொய்யை நம்பாமல் இருப்பதும் கஷ்டம்.

இதுவரை சொன்னதெல்லாம் அலைந்தால் தீர்ந்துவிடும் சிக்கல்கள். தீராத ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் எந்த ஊரிலாவது ஒரு வயதான தம்பதியை நினைத்துப் பாருங்கள். 2000ல் இணைப்பு வாங்கியது கணவர். கணக்கு அவர் பெயரில். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதன் கீழே கிளை முகவரிகள், அன்று எல்லா நிறுவனமும் அப்படித்தான் கொடுத்தன. கணவர் இறந்துவிடுகிறார். தொலைபேசிக்கும் இணையத்துக்கும் பில் கட்டியதெல்லாம் அவர்தான். சில மாதம் கழித்து மனைவியின் கைப்பேசி கெட்டுப்போய், புதுக் கைப்பேசியில் கடவுச்சொல் கேட்கிறது. அவர் அதைத் தட்டியே பல வருடம் ஆகிறது. மறந்துவிட்டது என்று சொடுக்கினால் மீட்பு எண் கணவரின் கைப்பேசிக்குப் போகிறது. அந்த எண்ணை முந்திய மாதம்தான் ரத்து செய்திருக்கிறார்கள். மாற்று மின்னஞ்சல் என்று கொடுத்திருந்தது கணவரின் முகவரி. அதுவும் பூட்டிக்கிடக்கிறது. ரகசியக் கேள்வி, ‘உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?’ பதில் எழுதியது கணவர். அவர் சிறுவயதில் வளர்த்த நாயின் பெயர் யாருக்குத் தெரியும்?

தொலைபேசியில் பேசும் ஊழியர் கணக்கின் உரிமையாளரைக் கூப்பிடச் சொல்கிறார். அவர் மேலும் தப்பில்லை. யார் வேண்டுமானாலும் ‘அவர் இறந்துவிட்டார், கதவைத் திற’ என்று கேட்கக்கூடாது அல்லவா? இறப்புச் சான்றிதழை அனுப்பினால் பில்லைப் பெயர் மாற்றித் தருவார்கள். பெட்டி பெரும்பாலும் திறக்காது. இதற்கிடையே வங்கியிலிருந்து எண் வருவதும் அந்தப் பெட்டிக்குத்தான். யாஹூ மாதிரி இடங்களில் பன்னிரண்டு மாதம் யாரும் நுழையாத பெட்டி செயலிழந்த கணக்காகி, உள்ளே இருப்பதும் அழிந்துபோகலாம்.

இவ்வளவையும் தடுக்க, பெட்டி திறந்திருக்கும் ஒரு நாளில் அரை மணி நேரம் போதும். மீட்பு எண்ணாகத் தன் கையில் இருக்கும் கைப்பேசியின் எண்ணைப் போடுவது. மாற்று முகவரியாக இணைப்போடு சம்பந்தமில்லாத ஒன்றைக் கொடுப்பது. தண்டர்பேர்டு மாதிரி ஒன்றில் ஐமேப் வழியாகக் கடிதங்களை இறக்கி, அங்கே உள்ள தனிக் கோப்புறைக்கு நகல் எடுத்துக்கொள்வது. (வெறுமனே ஐமேப்பில் பார்த்தால் போதாது. சர்வரில் அழிந்தால் இங்கேயும் அழியும். பாப் முறையிலோ நேர்மாறான ஆபத்து: ‘சர்வரில் நகலை விட்டுவை’ என்று சொல்லாவிட்டால் எல்லாம் அந்த ஒரு கணினிக்கு வந்துவிடும். அதன் வன்தட்டு போனால் அதோடு சரி.) பிறகு வங்கி, காப்பீடு, மருத்துவமனை என்று ஒவ்வொன்றாக முகவரியை மாற்றுவது. இது அரை மணியில் முடியாது, வாரக்கணக்கில் இழுக்கும். ஆனால் வங்கியிலிருந்து தொடங்கினால் பாதி பயம் முதல் நாளிலேயே போய்விடும்.

ஏஓஎல் தன் டயல்-அப் இணைப்பை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. அந்த முகவரிகள் மட்டும் இணைப்பு போன பிறகும் அப்படியே வேலை செய்தன, பக்கத்திலேயே வெரைஸன்காரர்களின் முகவரிகளும்.