மதுரையில் அமர்ந்த பாகவதர்

ஊர் ஊராகச் சென்று கச்சேரியும் ஹரிகதையும் நிகழ்த்திப் பெரும்புகழ் ஈட்டியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945). அத்தகையவர் அன்னை மீனாட்சியின் மதுரையில் தியாகராஜ சங்கீத வித்யாலயத்தை நிறுவி ஆசானாக அமர்ந்தார். ஓரிரவில் சபையை உருக்கிவிடலாம். சரளி வரிசையில் தடுமாறும் பாலகனுடன் பொறுமையாய் அமர்வதோ வேறு தவம். கைதட்டல் அதற்கில்லை.

அங்கே வந்து சேர்ந்த சிறுவரே பின்னாளில் மதுரை மணி ஐயர். அவருடைய கற்பனை ஸ்வரங்களை வானொலியில் கேட்டு மெய்மறந்தோர் நம்மில் பலர். பாகவதரின் மற்றொரு சீடர் இராமநாதபுரம் சி. எஸ். சங்கரசிவம்; அவரிடம் பயின்றவர் டி. என். சேஷகோபாலன்.

பின்னர் மைசூர் அரசவை அழைத்தது. சாமுண்டேசுவரி அன்னைமீது நூற்றெட்டுக் கீர்த்தனைகள் பிறந்தன. 1939-இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி தொடங்கியபோது, அறுபதைக் கடந்த பாகவதர் அதன் முதல்வராய் மீண்டும் மாணாக்கர் நடுவே சென்று அமர்ந்தார்.