கார் இல்லாமல் சென்னையில் ஒரு வார இறுதி

வெளியூரிலிருந்து சென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் நண்பர்கள் முதலில் கேட்பது, "வண்டிக்கு என்ன ஏற்பாடு?" என்பதைத்தான். வண்டியே வேண்டாம். இரண்டு நாளுக்கு ரயிலும் பேருந்தும் காலும் போதும்.

சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு நடந்துவிடுங்கள். 1851-இல் தொடங்கிய இடம். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன் நிதானமாக நில்லுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் உமைக்கு ஒன்றே ஒன்று. அந்த இடுப்பு வளைவில் சோழச் சிற்பியின் கை தெரியும்.

மாலையில் பறக்கும் ரயிலில் திருமயிலை. கபாலீசுவரர் கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். நான்கு மணிக்கு மேல் போவதே நல்லது. தரிசனம் முடிந்ததும் மாட வீதிகளைப் பொறுமையாகச் சுற்றுங்கள். பூக்கடை, பாத்திரக்கடை, ஃபில்டர் காபி எல்லாம் நடப்பவர்களுக்குத்தான் வாய்க்கும்.

ஞாயிறு காலை திருவல்லிக்கேணி. பார்த்தசாரதியைச் சேவித்துவிட்டு மெரினா பக்கம் நடந்தால் விவேகானந்தர் இல்லம் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய வீடு. எதிரே கடல்.

கார் கண்ணாடி வழியே பார்த்தால் சென்னை வெறும் நெரிசல்தான். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிவந்தால் ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம். அடுத்த முறை வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.