பாக்குவெட்டியின் பெயர்

புனேயிலுள்ள ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. தினகர் கேள்கர் (1896–1990) ஊரூராகத் திரட்டி, இளமையிலேயே மறைந்த மகன் ராஜாவின் நினைவுக்கு அர்ப்பணித்தவை அவை. விளக்கு, இசைக்கருவி, பாக்குவெட்டி எனப் பலவும் மக்கள் அன்றாடம் புழங்கியவை.

அத்தகைய ஒரு பாக்குவெட்டியின் படத்தைப் பார்வையற்ற தோழி ஒருவர், படங்களை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்தார். ‘வேலைப்பாடு மிக்க பித்தளைக் கருவி’ என்றது. பிழையில்லை, ஆயினும் அவருக்கு எதுவும் விளங்கவில்லை. ‘பாக்குவெட்டி’ என்றேன். அவருடைய விரல்கள் காற்றில் மெல்ல மூடித் திறந்தன. பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மராத்தியில் இதன் பெயர் ‘அடகித்தா’. பாக்கைக் குறிக்கும் கன்னட ‘அடிகெ’யும் தமிழ் ‘அடைக்கா’யும் அதில் ஒலிக்கின்றன. இதைச் சொல்லும் இரண்டு வரி, புனேக்கு வரும் தமிழரை அப்பொருளுக்கு நெருக்கமாக்கும்.

2022-இல் தொடங்கப்பட்ட பாஷிணி போன்ற மொழிபெயர்ப்புத் தளங்கள், எழுதிவைத்த குறிப்பைப் பல மொழிகளுக்குக் கொண்டுசெல்லும். எழுதப்படாத பெயரைக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே, அருங்காட்சியகங்களை அனைவருக்கும் திறக்கும் பணி, ஒவ்வொரு பொருளின் வட்டாரப் பெயரையும் புழக்கத்தையும் பதிவதிலிருந்தே தொடங்க வேண்டும். அவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மொழியியல் மாணவர்கள் அவர்களிடம் இப்போதே செல்ல வேண்டும்.